ஏரி மீனும் தோட்ட மருந்தும்

1969-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் உணவு, ஔஷத இலாகாவார், மிச்சிகன் ஏரியில் பிடிபட்ட கோஹோ சால்மன் என்னும் மீனில் ஏறக்குறைய 28,000 ராத்தலைப் பறிமுதல் செய்தனர். மீன் அழுகியதற்காக அன்று. அதன் மாம்சத்தில் டி. டி. டி. என்னும் பூச்சிமருந்து, பத்து லக்ஷம் பங்கில் 19 பங்கு வரையில் இருந்ததே காரணம். கண்ணாலாவது மூக்காலாவது இதனை அறிதல் இயலாது. ரஸாயன சோதனையே காட்டும்.

இம்மருந்தை ஏரியிலே கொண்டுபோய்க் கொட்டவேண்டுவதில்லை. கரையோரத்து ஆப்பிள், செர்ரித் தோட்டங்களுக்கும், பட்டணத்து எல்ம் மரங்களுக்கும் பல வருஷங்களாகத் தெளித்தது, மழைஜலத்தோடும் மண்ணோடும் ஆறுகளில் இறங்கி ஏரியை அடைந்தது. டி. டி. டி. ஜலத்தில் கரைவது அரிது. கொழுப்பில் நன்கு கரைந்து தங்கும். எளிதில் சிதையவும் மாட்டாது. ஆகவே பாசியிலும் நுண்ணுயிர்களிலும் அணுவளவாய்ச் சேர்ந்தது, அவற்றைத் தின்னும் ஏல்வைப் என்னும் சிறு மீனில் மிகுந்து, அச்சிறு மீனையே இரையாகக் கொள்ளும் சால்மனில் பின்னும் மிகுந்துவிடுகிறது. மட்டின்றிப் பெருகிய ஏல்வைப்பைத் தின்று குறைக்கட்டுமென்று 1966-ல் மிச்சிகன் ராஜ்ய அதிகாரிகளே இந்தச் சால்மனை ஏரியில் விட்டனர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

பறிமுதலுக்கு ஆதாரம் 1938-ம் வருஷத்து உணவுச் சட்டமாகும். விஷப்பொருள் சேர்ந்த உணவு ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுமாயின், சர்க்கார் ஜில்லாக் கோர்ட்டில் அந்தச் சரக்கின் பேரிலேயே வழக்குத் தொடரலாம். பிரதிவாதி மீனேயாம்! சரக்குக்கு உடையவர் தம் பாத்தியதையைச் சொல்ல விரும்பினால் வந்து வாதாடலாம். 1969 ஏப்ரலில், மீனில் டி. டி. டி. பத்து லக்ஷத்தில் 5 பங்குக்கு மேற்படலாகாதென்று தற்கால வரம்பொன்றும் விதிக்கப்பட்டது.

மீனைப் புகையிட்டு விற்கும் இரண்டு கம்பெனிகளின் மீது பின்னர் வழக்கு நடந்தது. மருந்து மீன் பிடிபடுமுன்னரே அதிலிருந்ததாதலால், அது சட்டம் கூறும் சேர்க்கைப் பொருளாகாது என்று அவர்கள் வாதித்தனர். 1974-ல் அப்பீல் கோர்ட்டு இதனை ஒப்பவில்லை. தோட்டத்தில் தெளித்தவனுக்குக் காலணா நஷ்டமில்லை. மீன் விற்றவனுக்கோ சரக்கே போயிற்று. இது கொடுமையே. ஆயினும் அச்சட்டம் உண்பவனைக் காக்க ஏற்பட்டதேயன்றி, பழியைப் பங்கிட ஏற்பட்டதன்று.

மிச்சிகன் ராஜ்யம் 1969-லேயே டி. டி. டி. விற்பனையைத் தடுத்தது. 1972-ம் வருஷ முடிவில் தேசமெங்கும் பயிர்களுக்கு அதனை உபயோகிப்பது ஏறக்குறைய முற்றும் நின்றது. இந்தியாவில் விவசாயத்திற்கு அது தடுக்கப்பட்டது 1989-ல். தடைக்குப்பின் மிச்சிகன் ஏரி மீன்களில் மருந்தின் அளவு பெரிதும் இறங்கிற்று. ஏரியடிச் சேற்றில் படிந்ததோ மெள்ள மெள்ளவே குறைந்து வருகிறது.