வீட்டுத்தோட்டப் பாடம்: பலெர்மோவில் எது காய்க்கும்?



ஊரில் மாரி மழை தொடங்கியதும் விதை போடுவோம். பலெர்மோவிலும் ஐப்பசியை ஒட்டித்தான் மழை தொடங்குகிறது. ஆனால் இங்கு மழையோடு குளிரும் வருகிறது. அந்நாளில் ஊன்றிய வெண்டி விதை மண்ணிலேயே அழுகிவிடும். நல்ல வெயில் அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையோ மழை மிக அரிது. ஆகவே மழையைப் பார்த்து அல்ல, மண்ணின் சூட்டைப் பார்த்தே விதைக்க வேண்டும்.

நன்கு காய்ப்பவை: கத்தரி, மிளகாய், வெண்டி, பாவல். மே மாதத்தில் நடலாம். சுரையும் செழிக்கும். சிசிலிக்காரர் வளர்க்கும் நீண்ட சுரையும் நம் சுரையும் ஒரே இனமே. அதன் இளங்கொழுந்தை 'தெனெரூமி' என்று பல்லரோ சந்தையில் விற்பார்கள். அவர்கள் அதைப் பாஸ்தாவுடன் சமைக்கிறார்கள். நாம் வறை செய்யலாம்.

ஏமாற்றுபவை: ஊர் அவரை இனங்கள் பல, பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும். இங்கு அவை பூக்கும்போது குளிர் வந்துவிடும். கறிவேப்பிலை சுண்ணாம்பு மண்ணில் மஞ்சளிக்கும். சாடியில் வளர்த்து, குளிர்காலத்தில் உள்ளே வைத்து, தண்ணீரைக் குறையுங்கள்.

2024 வறட்சியின்போது இந்நகரின் பல பகுதிகளுக்குத் தண்ணீர் முறைவைத்தே வந்தது. எனவே மாலையில் வேரடியில் ஊற்றுங்கள். காய்ந்த புல்லால் பாத்தியை மூடுங்கள். அரிசி கழுவிய நீரையும் வீணாக்காதீர்கள்.

விதைத்த திகதியையும் காய்த்த திகதியையும் பிள்ளைகளைக் கொண்டு குறித்து வையுங்கள். முற்றிய காயொன்றை விதைக்கு விடுங்கள். ஊர் விதை முடிந்துபோனால், அந்த இனம் இங்கே மறுபடி கிடைப்பது அரிது.