நீச்சல் குளத்தைக் காக்கும் மணல்

வடிகட்டுதல் பாடத்தில் கலங்கல் தண்ணீரை வடிதாளில் ஊற்றிப் பார்த்திருப்போம். நீச்சல் குளத்தில் அந்த வேலையைச் செய்வது மணல். என் சித்தப்பா ஒரு நீச்சல் குளத்தில் பம்ப் ஆபரேட்டர். விடுமுறையில் அவர் பக்கத்தில் நின்று பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன்.

பம்ப் ரூமில் பெரிய பானை மாதிரி ஒரு ஃபைபர் டேங்க். அதில் பாதிக்கு மேல் மணல். ஒவ்வொரு மணலும் சுமார் அரை மில்லிமீட்டர்தான். குளத்துத் தண்ணீர் மேலிருந்து மணலுக்குள் இறங்கும்போது அழுக்கு மாட்டிக்கொள்ளும். அடியில் உள்ள கீறல் போட்ட குழாய்கள் வழியாக நல்ல தண்ணீர் குளத்துக்குத் திரும்பும்.

"வீடு கட்டுற மணலைப் போட்டா என்ன சித்தப்பா?" என்றேன். "அதுல களிமண்ணும் பொடியும் கலந்திருக்கும்டா, சீக்கிரமே அடைச்சிக்கும். சலிச்ச சிலிக்கா மணல்தான் வேணும்" என்றார்.

அழுக்கு சேரச் சேர டேங்கில் அழுத்தம் ஏறும். சுத்தமாக இருக்கும்போது மீட்டர் முள் 10 காட்டினால், 18 அல்லது 20க்கு வந்ததும் கழுவ வேண்டும். இதற்குப் பேர் பேக்வாஷ். முதலில் பம்பை நிறுத்த வேண்டும். ஓடும்போது கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிடும். திருப்பிவிட்டு பம்பைப் போட்டால் தண்ணீர் கீழிருந்து மேலே பாய்ந்து, மணலைக் கிளப்பி, அழுக்கைச் சாக்கடைக்குத் தள்ளும். கண்ணாடிக் குமிழில் முதலில் டீ மாதிரி வரும்! இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்துவிடும். மறுபடி பம்பை நிறுத்தி, 'ரின்ஸ்' வைத்து அரை நிமிடம் ஓட்ட வேண்டும். இதை விட்டால் மிச்ச அழுக்கு குளத்துக்கே வந்துவிடும்.

தினமும் கழுவினால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். இல்லை! கொஞ்சம் அழுக்கு படிந்த மணல்தான் நுண்ணிய தூசியைப் பிடிக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய்த் தலையோடு நாம் குதித்தால் மணல் கட்டிகட்டியாகிவிடும். கட்டி விழுந்த மணலில் தண்ணீர் சந்து கண்டுபிடித்து வடியாமலே போய்விடும். ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை மணலையே மாற்ற வேண்டும். அப்போது டேங்கில் பாதி தண்ணீர் விட்டுத்தான் மணலைக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் அடிக்குழாய் உடைந்து குளத்தில் மணல் வரும்.

கிருமி மிகச் சிறியது, மணல் வழியே நழுவிவிடும். அதைக் கொல்லத்தான் குளோரின்.

தண்ணீர் கலங்கினால் அரிப்பு வரும், அவ்வளவுதானே என்றேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு புள்ள முழுகிக் கெடந்தா மேலேர்ந்து தெரியுமாடா?" என்றார். ஆழமான இடத்தில் தரையிலுள்ள ஜல்லடை மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் யாரையும் இறக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடி தெரியவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் சத்தம் போட்டும் அவர் கேட்டைத் திறக்கவில்லை. இரவு முழுக்க பம்ப் ஓடி, மறுநாள் காலையில்தான் மூடி தெரிந்தது. அதன் பிறகுதான் திறந்தார்.

- 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்