வேர் வரை



மூணாறுக்கு அப்பால், தமிழக எல்லையையொட்டிய வட்டவடையில் பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. அம்மலைச் சரிவுகளில் பணத்திற்காக நடப்பட்ட கிராண்டிஸ் எனும் யூகலிப்டஸ் மரங்கள் நீரூற்றுகளை வற்றச் செய்துவிட்டன என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. வெட்டினாலும் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். ஆகவே வேரைத் தோண்டியெடுக்க வேண்டியிருக்கிறது.

நம்முடைய பாவ அறிக்கையும் பல வேளைகளில் வெட்டுவதோடு நின்றுவிடுகிறது. "என் குற்றங்களையெல்லாம் மன்னியும்" என்று பொதுவாய் ஜெபிக்கிறோம். பொய்க் கணக்கையும் சகோதரன்மேல் வைத்த கசப்பையும் பெயர் சொல்வதில்லை. சவுலும் தான் பாவஞ்செய்ததை ஒப்புக்கொண்டான். ஆனால் மூப்பருக்கு முன் தன் கனத்தைக் காப்பாற்றவே கேட்டான் (1 சாமுவேல் 15:30). தாவீது அவ்வாறு ஒன்றும் கேட்கவில்லை. நாத்தானிடம் அவன் சொன்னது ஒரே வரி. மன்னிப்பும் அப்பொழுதே அறிவிக்கப்பட்டது (2 சாமுவேல் 12:13).

1860-இல் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தினூடே திருநெல்வேலிச் சீமையில் உண்டான எழுப்புதலில், மக்கள் அழுது தங்கள் பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிட்டார்கள். எல்லாவற்றையும் சபை நடுவே சொல்லவேண்டுமென்பதில்லை. யாருக்குத் தீங்கிழைத்தோமோ அவரிடம் சொல்லாமல் தப்பவும் முடியாது. சகேயு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தான்.

வேரைப் பிடுங்கிய குழியையே தினமும் எட்டிப் பார்க்கும் விசுவாசிகளும் உண்டு. மன்னிக்கப்பட்டதற்காகவே மீண்டும் மீண்டும் அழுகிறார்கள். தாவீதின் பிள்ளை இறந்தது. பாவத்தின் விளைவு நீங்கவில்லை. ஆயினும் அவன் தரையைவிட்டு எழுந்தான். குளித்து, உடை மாற்றி, ஆலயத்தில் தொழுதபின் வீட்டில் உணவு கேட்டு உண்டான். அவனுடைய ஊழியக்காரருக்கு அது விளங்கவில்லை.