துணைக்கு வாசிப்பவருக்கே வேலை

1937இல் கவுண்ட் பேசியின் ஜாஸ் இசைக்குழுவில் ஃபிரெடி கிரீன் என்ற கிற்றார்க் கலைஞர் சேர்ந்தார். நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, 1987இல் காலமாகும்வரை அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. இத்தனை வருடத்தில் அவர் தனியாக எடுத்து வாசித்தது மிக அரிது. அடிக்கு ஒரு கோர்ட், வட்டத்துக்கு நான்கு அடி. அவருடைய உத்தியோகம் அவ்வளவுதான். அரை நூற்றாண்டு அதற்குச் சம்பளம் கிடைத்தது.

கிற்றாரைத் தொழிலாக எடுக்கலாமா என்று திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும் அக்கரைப்பற்றிலும் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த மனிதரைப் பற்றித்தான். யூடியூப்பில் அவர்கள் பார்ப்பது வேகமான விரல்களை. ஆனால் "நாளைக்கு ஒரு புரோகிராம் இருக்கு, வாறியா தம்பி?" என்று தொலைபேசி எடுப்பவர் தேடுவது, பாடகரைத் தடுக்கி விழ விடாமல் கூடவே போகிற ஒரு ஆளை. தாளம் தள்ளாடாத கை, சுருதி மாறினாலும் பதறாத தலை, நேரத்துக்கு வந்து சேரும் கால் ஆகிய மூன்றும் இருந்தால் அழைப்பு வரும். சோலோ அதற்குப் பிறகு.

வேலை எங்கே இருக்கிறது? நமது கிழக்குக் கரைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. திருக்கோவிலிலிருந்து ஏ4 வீதியில் தெற்கே போனால் பொத்துவில், அதைத் தாண்டினால் அறுகம்பே. அலைச்சறுக்குக் காலம் ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை. வெளிநாட்டார் நிறையும் அந்த மாதங்களில் கடற்கரை உணவகங்களுக்கு இரவில் பாட்டு வேண்டும். மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடா விடுதிகளுக்கும் அதே காலம்தான். மாரி தொடங்கியதும் கிழக்கு அடங்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவை, வெலிகம, மிரிஸ்ஸ என்று தெற்குக் கரை நிரம்பும். ஆக, கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு தீவைச் சுற்றத் தயாரான ஒருவருக்கு வருடம் முழுக்க வேலைக்காலம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் அறுகம்பேயில் வாசித்துவிட்டு மாரிக்கு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஓகஸ்ட் மாதமே, கூட வாசிக்கும் தெற்குக் கலைஞர்களின் இலக்கங்களை வாங்கி வைத்து, செப்டம்பரில் பேசத் தொடங்க வேண்டும்.

இதற்குச் சமாந்தரமாக ஊர்ப்பருவம் ஒன்றும் ஓடுகிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத் திருவிழா தொடங்கி, கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கோயில் விழாக்கள், பாடசாலை விழாக்கள், கலியாண வரவேற்புகள். இங்கே கேட்பது சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, இடையில் பைலா. பைலாவைச் சிறிதென்று எண்ண வேண்டாம். அதன் ஆறு-எட்டுத் தாளம் போர்த்துக்கேயர் காலத்துக் கஃப்ரிஞ்ஞாவிலிருந்து வந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலினோடும் கிற்றாரோடும் அதை இன்றும் காக்கிறார்கள். வலது கை அந்தத் தாளத்தில் ஒரு மணி நேரம் களைக்காமல் ஓட வேண்டும். இலங்கையில் எந்த மேடைக்குப் போனாலும் அதைக் கேட்பார்கள்.

அறுகம்பே வேலைக்கு வேறு தயாரிப்பு. ஒரு பாடகரும் ஒரு கிற்றாரும் மட்டும் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குப் பாட்டு கைவசம் இருக்க வேண்டும். சாப்பிடுகிறவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், அந்தப் பேச்சுக்குக் கீழே, ஆனால் உயிரோடு வாசிக்கப் பழகுவது தனிக் கலை. ஜாஸ் அங்கேதான் நேரடியாக உதவுகிறது. பேஸ் இல்லாத மேடையில் கட்டைவிரலால் கீழ்ச்சுரத்தை நடத்தி, மற்ற விரல்களால் கோர்ட்டின் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் தொட்டால் போதும். ஒரு முழுக் குழு வாசிப்பது போல் நிறைவு வரும். ஜாஸ் கிற்றார்க் கலைஞர் ஜோ பாஸ் 1970களில் தனிக் கிற்றாரில் செய்து காட்டியது இதைத்தான். அவருடைய ஒலிப்பதிவுகளில் ஒன்றை மாதக்கணக்கில் கேட்டு, நான்கு நான்கு வட்டமாகக் கைக்குள் கொண்டுவாருங்கள். நூறு வீடியோ பார்ப்பதைவிட அது பயன் தரும்.

கச்சேரிக்கு முன் பாடகர் வந்து "இண்டைக்குத் தொண்டை சரியில்ல, ஒரு கட்டை இறக்குங்க" என்பார். இது வாரத்துக்கு வாரம் நடக்கும். கோர்ட்டுகளைப் பெயரால் மனப்பாடம் செய்தவர் அங்கே தடுமாறுவார். முதலாம், நான்காம், ஐந்தாம் என்று இலக்கத்தால் படித்தவர் கையை நகர்த்திவிட்டு வாசிப்பார். ஜாஸ் மாணவர்கள் இரண்டு-ஐந்து-ஒன்று என்ற கோர்ட்டு நகர்வைப் பன்னிரண்டு சுருதியிலும் ஓட்டுவது அதற்காகத்தான். சுரங்களுக்கிடையிலான கணக்கு நமக்குப் புதிதுமல்ல. பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. நரம்புக் கருவியின் சுரக் கணக்கை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தவர். கிற்றாரின் ஃபிரெட் கட்டைகள் ஏன் மேலே போகப் போக நெருங்குகின்றன என்று ஒரு மாணவி கேட்டால், விடை தேட அந்த மரபையும் அவளுக்குக் காட்டலாம்.

இசைக்குறிப்பு வாசிக்கப் பழகுவதில் சோம்பல் வேண்டாம். சொகுசுக் கப்பல்களின் இசைக்குழுத் தேர்வில் தாளை முன்னால் வைத்து உடனே வாசிக்கச் சொல்வார்கள். திரைப்பட ஒலிப்பதிவிலும் அது தெரிந்தவரின் வேலை சீக்கிரம் முடியும். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் ஓடும் கிற்றார் ஆர். சந்திரசேகருடையது. அந்தப் பாட்டை அறியாத தமிழ் வீடு குறைவு, அவர் பெயரை அறிந்த வீடு அதைவிடக் குறைவு. இசைக்கலைஞர் வாழ்க்கையின் பெரும்பகுதி இப்படித்தான், கால்ஷீட்டுக்குக் கால்ஷீட் நகரும். இளையராஜாவும் 1976இல் 'அன்னக்கிளி' வருமுன் மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கிற்றார் வாசித்தவர். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிற்றார்த் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர்.

லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆயிரக்கணக்கான பதிவுகளில் வாசித்த கிற்றார்க் கலைஞர் டொமி டெடெஸ்கோ ஒரு எளிய கணக்கு வைத்திருந்தார். காசு, தொடர்பு, அனுபவம், மகிழ்ச்சி. இந்த நான்கில் ஒன்றாவது கிடைத்தால் வேலையை ஏற்கலாம். நான் இதை அப்படியே சிபாரிசு செய்வேன், ஒரு நிபந்தனையோடு: எதற்காக ஏற்றீர்கள் என்பதைப் போகும்முன்பே மனதில் முடிவு செய்யுங்கள். அனுபவத்துக்காகப் போன இடத்தில் காசுக்குச் சண்டை பிடித்தால் இரண்டும் போகும்.

சென்னைக்கோ கொழும்புக்கோ குடிபெயராமலே ஒலிப்பதிவு வேலை செய்வது இன்று சாத்தியம். ஒரு மடிக்கணினி, ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸ், நல்ல ஹெட்ஃபோன் போதும். கோப்பு அனுப்பும்போது இரண்டு பிரதி அனுப்புங்கள். ஒன்று நீங்கள் அமைத்த ஒலியோடு, மற்றது எந்த விளைவும் சேர்க்காத நேரடிச் சமிக்ஞை. பிறகு ஒலியை மாற்ற நினைக்கும் இசையமைப்பாளர் திரும்ப உங்களைத் தேட அது காரணமாகும். ஊரிலேயே இருந்து வாசிப்பதென்றால், கடற்காற்றின் உப்பு கம்பியைச் சீக்கிரம் தின்னும். வாசித்து முடித்ததும் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள்.

படிப்பு விடயத்தில் நேரே சொல்கிறேன். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் இசைப் பட்டம் கர்நாடக சங்கீதத்தை மையமாகக் கொண்டது. அரச பாடசாலை ஆசிரியராக விரும்புபவருக்கு அது உறுதியான வழி. கிற்றாரைப் பக்கத்தில் வளர்க்கலாம். கிற்றாருக்கென்றே தகுதி வேண்டுமானால் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் தரத் தேர்வுகள் இலங்கையில் நடக்கின்றன. எட்டாம் தரத்துக்குப் பிறகு டிப்ளோமா. தனியார் வகுப்பு நடத்த அது பெற்றோருக்கு நம்பிக்கை தரும். மேடைக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

கர்நாடக சங்கீதமும் ஜாஸும் சேர்ந்து ஒரு தொழில் ஆகுமா என்பவர்கள் கிற்றார்க் கலைஞர் பிரசன்னாவைப் பார்க்க வேண்டும். ராணிப்பேட்டையில் பிறந்தவர், சென்னை ஐஐடியில் கப்பற் பொறியியல் முடித்து, பொஸ்டனின் பெர்க்லி கல்லூரியில் இசை படித்தார். கிற்றாரில் கர்நாடகக் கச்சேரி செய்கிறார். பியானோக் கலைஞர் விஜய் ஐயரோடும் தபேலாக் கலைஞர் நிதின் மித்தாவோடும் 'தீர்த்தா' என்ற குழுவில் வாசித்தார். 2009இல் ஆஸ்கர் வென்ற 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கு இசையமைத்தார். கையில் ஒரு பட்டம் இருந்ததால் அவருடைய இசை குறைந்துவிடவில்லை. ஜாஸ் கிற்றார்க் கலைஞர் வெஸ் மொன்ட்கோமரியும் இண்டியானாபொலிஸில் பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் மேடை என்று பல வருடம் ஓடியவர். ஆகவே பிள்ளை ஒரு நிரந்தர வேலையோடு கிற்றாரைத் தொடர விரும்பினால், அம்மா அப்பா அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். கிற்றார்தான் முழுநேரம் என்றால், ஒரு வருட வீட்டுச் செலவு வங்கியில் இருக்கட்டும்.

ஏனென்றால் இரவுக்கு இரவு சம்பளம் வாங்கும் கலைஞருக்கு ஊழியர் சேமலாப நிதி பெரும்பாலும் கட்டப்படுவதில்லை. விடுதி உங்களை ஊழியராகவே எடுத்தால் உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் பங்காக 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும், கேளுங்கள். நாளுக்கு நாள் என்றால் அந்தச் சேமிப்பை நீங்களே ஒதுக்குங்கள். உங்கள் சொந்த இசை ஒரு பாட்டில் சேர்ந்தால் யார் இயற்றியது, யார் வாசித்தது என்று எழுத்தில் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இயற்றியவருக்கு வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் உரிமை தருகிறது. வாசித்தவருக்கும் தனி உரிமைகள் உண்டு.

காதைக் காப்பாற்றுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது. டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவர் முதற் சம்பளத்திலேயே இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்க வேண்டும்.

மாலைதீவு, டுபாய், மஸ்கட் விடுதிகளில் இலங்கைக் குழுக்கள் காலங்காலமாக வாசிக்கின்றன. அழைப்பு வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமலோ சுற்றுலா விசாவிலோ போகாதீர்கள். ஒப்பந்தத்தில் வாரத்துக்கு எத்தனை இரவு, ஓர் இரவுக்கு எத்தனை செட், தங்குமிடம், சாப்பாடு, திரும்பி வரும் விமானச் சீட்டு யார் பொறுப்பு ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். கடவுச்சீட்டை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றைப் புறப்படும் முன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.