இரைப்பையைச் சுருக்கிய பின் தாயாக நினைக்கும் பெண்ணுக்கு

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு உணவுமுறை சொல்லிக்கொடுப்பதுதான் கோவையில் எனக்குப் பல வருட வேலை. ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர் மூலமாக யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். வந்து உட்கார்ந்ததும் போனை எடுத்து, அப்போது எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று இரண்டு போட்டோ காட்டுவார்கள். அடுத்த கேள்வி, "குழந்தைக்கு எப்பங்க பார்க்கலாம்?" போட்டோவை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் கேட்பது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை. பல பேர் அதை எடுத்தே இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை உனக்கு எழுதி வைக்கிறேன், அம்மிணி. உன் டாக்டர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

1. ஆபரேஷன் முடிந்து குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் ஒன்றரை வருடம் கரு வேண்டாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 12 முதல் 24 மாதம் வரை பொறுக்கச் சொல்கிறது. ஸ்லீவ் செய்தால் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். முதல் வருடம் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துத்தான் ஓடுகிறது; உள்ளே போகும் சாப்பாடு கொஞ்சம். அந்த நேரத்தில் இன்னொரு உயிரும் வந்து பங்கு கேட்டால் இரண்டு பேருக்கும் பற்றாது. எடை ஒரே இடத்தில் சில மாதம் நின்ற பிறகு முயற்சி செய். உனக்கு 37, 38 வயதாகிவிட்டது, இவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால் அந்தக் கணக்கை ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடமும் மகப்பேறு டாக்டரிடமும் சேர்த்துப் பேசிவிடு.

இதற்குள் தங்கிவிட்டதா? பதறாதே. சீக்கிரம் தங்கியது என்ற ஒரே காரணத்துக்காகக் கலைக்க வேண்டியதில்லை. நல்லபடியாகப் பெற்றவர்கள் நிறைய. ஆனால் அந்த வாரமே போய் ரத்தம் கொடு.

2. "எட்டு வருஷமா தங்காதது இப்ப மட்டும் தங்கிடுமா?" இந்தப் பேச்சை நம்பாதே. பிசிஓடி உள்ள பெண்களுக்கு எடை இறங்கினாலே இன்சுலின் மட்டுப்பட்டு, கருமுட்டை ஒழுங்காக வெளிவர ஆரம்பிக்கும். சிலருக்கு ஆபரேஷனான சில மாதத்திலேயே மாதவிலக்கு சீராகிவிடும். கருத்தரிக்கும் சக்தி முதலில் திரும்புகிறது, சத்து இருப்பு பிறகுதான் நிரம்புகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஆபத்து.

அதனால் காத்திருக்கும் காலத்துக்குத் தடுப்பு வேண்டும். குடல் பாதையை மாற்றிக் கோக்கும் பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்கள் கருத்தடை மாத்திரையை நம்பி இருக்கக் கூடாது, அது முழுதாக உடம்பில் சேரும் என்று சொல்ல முடியாது. காப்பர்-டி நல்லது. ஆனால் அதில் சிலருக்கு உதிரப்போக்கு அதிகமாகும். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் ஹார்மோன் உள்ள வகையைக் கேள். இன்னொன்று: குமட்டலும் வாந்தியும் வந்தால் ஆபரேஷன் கோளாறு என்று நினைத்து வாரக்கணக்கில் கஞ்சி குடித்துக்கொண்டு இருக்கிறார்கள். முதலில் யூரின் டெஸ்ட் கார்டு வாங்கிப் பார்.

3. ஆபரேஷனை மறைக்காதே. நம் பக்கத்தில் இது பெரிய நோய். மாமியார் வீட்டில் "குடலிறக்கம்" என்றோ "பித்தப்பைக் கல்" என்றோ சொல்லி வைத்திருப்பார்கள். அது உன் குடும்பச் சமாசாரம், நான் தலையிட மாட்டேன். ஆனால் கூட மாமியார் வந்திருக்கிறார் என்று பிரசவ டாக்டரிடமும் அதையே சொல்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. செக்கப்புக்கு ஒரு தடவையாவது தனியாகப் போ. ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா, எந்தத் தேதியில் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்துப் போனிலேயே வைத்திரு. கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் அந்த ஒரு தாளைப் பொறுத்தது.

4. முயற்சி தொடங்க மூன்று மாதம் இருக்கும்போது முழு ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன். பைபாஸ் என்றால் வைட்டமின் ஏ, துத்தநாகமும். கர்ப்பமான பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்ப எடுக்க வேண்டும்.

"ஹீமோகுளோபின் 12 இருக்குதுங்க, போதாதா?" என்பார்கள். போதாது. ஹீமோகுளோபின் தொட்டித் தண்ணீர், ஃபெரிட்டின்தான் கிணறு. தொட்டி நிறைந்திருக்கும்போதே கிணறு வற்றிக்கொண்டிருக்கும். இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலின் ஆரம்பத்தில். பைபாஸில் சாப்பாடு அந்த இடத்தைத் தொடாமலே போகிறது. ஸ்லீவில் அந்தப் பாதை அப்படியே இருந்தாலும் அமிலம் குறைந்துவிடுவதால் இரும்பும் பி12-ம் சரியாகச் சேராது. சைவம் மட்டும் சாப்பிடுகிற பெண்ணென்றால் பி12 இன்னும் மோசம். குறைவாக இருந்தால் ஊசி போட்டு ஏற்றிய பிறகு குழந்தைக்குப் பார். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

5. மாத்திரையில் சில நுணுக்கம்.

கால்சியம் கார்பனேட் செரிக்க அமிலம் வேண்டும், உன்னிடம் அது குறைவு. சிட்ரேட் என்று போட்டிருப்பதை வாங்கு. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. காபி, டீயோடு இரும்பு மாத்திரை விழுங்காதே, பாதி வீண்.

ஃபோலிக் அமிலம் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம். இன்னும் பிஎம்ஐ 30-க்கு மேல் இருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ 5 மில்லிகிராம் எழுதுவார்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா தரும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக்கும் இருக்கிறது. நல்ல மாத்திரை, வாங்கிச் சாப்பிடு. ஆனால் அதில் பி12 கிடையாது. ஆபரேஷன் செய்தவளுக்கு அது மட்டும் போதாது. நீ இப்போது சாப்பிடும் மல்டிவிட்டமின் அட்டையையும் டாக்டரிடம் காட்டு. வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் அதிகம் இருந்தால் கருவுக்கு ஆகாது, பீட்டா கரோட்டின் வடிவம்தான் வேண்டும்.

6. எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டுத்தான் முயற்சி. செமாகுளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கொழுப்பு மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகளையும் மாற்ற வேண்டியிருக்கும். நீயாக எதையும் நிறுத்தாதே.

7. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே வீட்டில் எல்லோரும் உனக்கு இரண்டு உயிருக்குச் சோறு போடத் தொடங்குவார்கள். உன் இரைப்பை ஓர் உயிருக்கே அளவாக வெட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. தட்டில் முதலில் புரதம்: முட்டை, மீன், சுண்டல், பனீர், தயிர், மீல்மேக்கர். சோறு கடைசியில். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதத்துக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, அரை மணி நேரம் கழித்துக் குடி.

இதற்கு எதிர்க் கோடியில் இன்னொருத்தி இருப்பாள். பழைய எடை வந்துவிடுமோ என்று பயந்து கர்ப்பத்திலும் பட்டினி கிடப்பாள். அவளைத்தான் நான் அதிகம் அதட்டியிருக்கிறேன். சாதாரண எடையில் கர்ப்பமானால் 11.5 முதல் 16 கிலோ, பருமனாக இருக்கும்போது ஆனால் 5 முதல் 9 கிலோ ஏற வேண்டும் என்பது அமெரிக்காவில் 2009-ல் வகுத்த அளவு. ஏறுவதைப் பார்த்து அழக் கூடாது.

குழந்தை வரம் கேட்டு ஆறு நாள் சஷ்டி விரதம் இருப்பவர்களும் உண்டு. நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது உன் உடம்புக்கு ஒத்துவராது. பால், பழம், பயறு என்று மாற்றிக்கொள். வளைகாப்பில் சர்க்கரைப் பொங்கலை ஊட்ட வருவார்கள், ஒரு வாயோடு நிறுத்து. பைபாஸ் உடம்பில் இனிப்பு சட்டென்று குடலுக்குள் இறங்கினால் வியர்த்து, படபடத்து, மயக்கம் வரும்.

8. அதே காரணத்தால் 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லும் சுகர் டெஸ்ட் உனக்கு ஆகாமல் போகலாம். 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் குத்திப் பார்த்து எழுதி வரும் முறை இருக்கிறது. "நான் பைபாஸ் ஆனவள், மாற்று வழி சொல்லுங்க" என்று லேபில் அல்ல, டாக்டரிடம் கேள்.

9. இரண்டு அறிகுறிக்குக் காத்திருக்காதே.

விடாத வாந்தி ஒன்று. மசக்கை என்று எல்லோரும் சிரிப்பார்கள். உனக்கு வைட்டமின் பி1 இருப்பு வேகமாகக் காலியாகும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் என்று மூளை வரை போகும். குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன் தயமின் போட வேண்டும் என்று கூட வந்தவர் கேட்கட்டும்.

மேல்வயிற்று வலி இன்னொன்று. பைபாஸ் ஆனவர்களுக்குக் குடலை மாற்றிக் கோத்த இடத்தில் சின்னச் சின்னச் சந்துகள் இருக்கும். கர்ப்பப்பை வளர்ந்து குடலை மேலே தள்ளும்போது ஒரு துண்டு அந்தச் சந்தில் மாட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் பிந்தைய மாதங்களில் நடக்கும். வாயு, பொய்வலி என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு இரவைக் கடத்தினால் குடல் அழுகிவிடும். வயிற்று சர்ஜன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போ. ஸ்கேன் கதிர் பட்டால் குழந்தைக்கு ஆகாதே என்று தடுக்காதே. தாய் பிழைத்தால்தான் குழந்தை.

10. பிள்ளையின் அளவு. ஸ்வீடன் நாட்டில் ஆபரேஷன் செய்த தாய்மார்களையும், அவர்கள் முன்பு இருந்த அதே எடையில் ஆபரேஷன் செய்யாதவர்களையும் ஒப்பிட்டு 2015-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. கர்ப்பகால நீரிழிவு 6.8 சதவீதத்திலிருந்து 1.9-க்கு இறங்கியிருந்தது. அளவுக்கு மீறிப் பெரிதான குழந்தைகளும் குறைவு. ஆனால் அளவில் சிறுத்த குழந்தைகள் 7.6-லிருந்து 15.6 சதவீதமாகியிருந்தது. ஆபரேஷன் தந்த லாபமும் அதற்குக் கேட்கும் விலையும் அந்த எண்களில் இருக்கிறது. ஏழாம் மாதத்திலிருந்து வளர்ச்சி ஸ்கேனைத் தவறவிடாதே. இரைப்பை ஆபரேஷன் ஆனதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

11. வீட்டுக்காரரும் விந்துப் பரிசோதனை செய்யட்டும். இத்தனை வருடமும் உன் எடையைக் காட்டியே அவர் லேப் பக்கம் போகாமல் இருந்திருப்பார்.

12. பிரசவமான பின் லேகியம் உருட்டித் தருவார்கள். அதில் பாதி வெல்லம், நெல்லிக்காய் அளவு உனக்கு ஏராளம். தையல் வலிக்கு புரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை தந்தால் பைபாஸ் ஆனதைச் சொல், குடல் இணைப்பில் புண்ணாகும், பாராசிட்டமால் கேள்.

பால் கொடுக்கும் காலம் முழுக்க உன் மாத்திரைகளையும் பி12 ஊசியையும் நிறுத்தாதே. தாய்க்கு பி12 இல்லாமல் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதலில் நன்றாகத்தான் இருக்கும். சில மாதம் போன பின் சிரிப்பது குறையும், நின்ற தலை மறுபடி தொங்கும். உடனே கண்டுபிடித்து ஊசி போட்டால் பெரும்பாலும் தேறிவிடும். அதனால் தடுப்பூசிக்கு முதல் தடவை போகும்போதே குழந்தை டாக்டரிடம் உன் ஆபரேஷனைச் சொல்லிவிடு. மாமியார் பக்கத்தில் இருந்தாலும் சொல்.