பதவியும் இலக்கும்

பணியில் புதிதாகச் சேரும் இளைஞரிடம் இலக்கு யாதெனக் கேட்டால், பெரும்பாலும் ஒரு பதவியின் பெயரே விடையாக வருகிறது. பதவி பிறர் தருவது. பிறரால் நீக்கப்படவும் கூடியது. அதையே இலக்காகக் கொண்டவரின் மன அமைதியும் பிறர் கையில் சிக்கிவிடுகிறது. நாள்தோறும் நாமே ஆற்றக்கூடிய ஒரு பணியே உண்மையான இலக்கு.

சர் சி. வி. இராமனின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. 1907-இல் அவர் கல்கத்தாவில் அரசின் நிதித்துறை அதிகாரியானார். அலுவல் நேரத்திற்கு முன்னும் பின்னும் அங்கிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். பத்தாண்டுகள் இவ்வாறு தம் நாட்டத்தைச் சோதித்தறிந்த பின்னரே, 1917-இல் குறைந்த ஊதியத்திற்கு உடன்பட்டுப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். 1930-இல் நோபல் பரிசு வந்தது.

1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். கருத்து வேறுபாடுகளால் 1937-இல் அப்பதவி அவரை விட்டு நீங்கியது. ஆயினும் 1948 வரை அங்கேயே பேராசிரியராகத் தொடர்ந்தார். பின்னர் அந்நகரிலேயே தம் பெயரால் விளங்கும் ஆய்வு நிறுவனத்தை அமைத்து, 1970-இல் மறையும் வரை வைரங்களையும் மலர்களின் நிறங்களையும் ஆராய்ந்தார். பதவி போயிற்று, பணி நிற்கவில்லை.

சிந்தனைக்கு: நாம் விரும்பும் பதவி கிடைக்காமற்போனாலும், எந்தப் பணியை நாம் கைவிடமாட்டோம்? அதைக் கண்டறிந்து, அதற்கென நாள்தோறும் சிறிது நேரத்தை இன்றே ஒதுக்குவோம்.