இரண்டு கிராம் பொட்டாசியம்



கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமானூர்ப் பகுதியில் வாழை பயிரிடும் ஒருவரிடம், "பொட்டாஷ் எதற்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "அது இல்லாமல் தார் எப்படித் திரளும்?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார். உரக்கடையில் மூட்டையாகக் கிடைக்கும் அந்த உப்பு பொட்டாசியம் குளோரைடு. வாழைக்கு அது வேண்டும் என்பதை அறிந்த நாம், நம் உடலில் அது குறைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

நானும் எண்ணியதில்லை, என் பெரியப்பாவுக்கு நேர்ந்ததைப் பார்க்கும் வரை.

அவருக்குக் காலில் வீக்கம் இருந்தது. மருத்துவர் பத்து நாளைக்கு நீர் பிரியும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. "நல்ல மாத்திரை" என்று மகிழ்ந்த பெரியப்பா, பழைய சீட்டைக் காட்டியே மாதக் கணக்கில் அதை வாங்கி விழுங்கி வந்தார். சித்திரை வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வேறு. மூன்றாம் நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. "தம்பி, கால் என் பேச்சைக் கேட்கவில்லையடா" என்றார். வாதம் என்றனர் சிலர். வெறும் அசதி, பத்துப் பழம் சாப்பிட்டால் சரியாகும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பாலத்தைக் கடந்து தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றோம். குருதியைச் சோதித்தார்கள். பொட்டாசியம் லிட்டருக்கு 2.4 மில்லிமோல். இருக்க வேண்டிய அளவு 3.5 முதல் 5 வரை.

இவ்வளவு சிறிய வேறுபாடு ஒரு மனிதரைத் திண்ணையில் கட்டிப்போடுமா? பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 140 கிராம் பொட்டாசியம் உண்டு. அதில் நூற்றுக்கு 98 பங்கு உயிரணுக்களுக்குள் இருக்கிறது. குருதியிலும் உயிரணுக்களைச் சூழ்ந்த நீர்மத்திலும் இருப்பது மொத்தம் சுமார் 2 கிராம்தான். உயிரணுவின் உள்ளே செறிவு லிட்டருக்கு 140 மில்லிமோல். வெளியே 4 மில்லிமோல்.

இந்த வேறுபாடு தானாக நிலைத்திருக்காது. உயிரணுச் சவ்வில் உள்ள ஒரு புரதம், ஓயாமல் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இறைக்கிறது. இந்த நுண்ணிய ஏற்றத்தை 1957-இல் கண்டறிந்தவர் டென்மார்க் அறிஞர் ஜென்ஸ் ஸ்கூ. அதற்காக 1997-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

உயிரணு ஒரு மின்கலம்

சவ்வின் இரு புறமும் அயனிச் செறிவு வேறுபட்டால் அங்கே மின்னழுத்தம் தோன்றும். உடல் வெப்பநிலையில் பொட்டாசியத்துக்கு, நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய அறிஞரின் சமன்பாடு தரும் அளவு இது:

மின்னழுத்தம் (மில்லிவோல்ட்டில்) = 61 × மடக்கை (உள்செறிவு ÷ வெளிச்செறிவு)

வெளியே 4 எனில், 140 ÷ 4 = 35. அதன் மடக்கை 1.54. விடை 94 மில்லிவோல்ட். இதில் உட்புறம் எதிர்முனை. பெரியப்பாவின் அளவான 2.4-ஐப் போடுங்கள். உள்செறிவு மாறவில்லை எனக் கொண்டால், விடை 108 மில்லிவோல்ட். மற்ற அயனிகளும் இருப்பதால் உண்மை அளவு சற்று வேறுபடும். ஆனால் மாறும் திசை இதுவே.

தசை சுருங்க வேண்டுமானால் இந்த மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட மட்டம் வரை குறைய வேண்டும். கிணற்றில் நீர் கீழே இறங்கினால் நீளமான கயிறு வேண்டும் அல்லவா? அதுபோல, தொடக்கமே ஆழத்தில் இருந்தால் வழக்கமான நரம்புத் தூண்டல் போதுவதில்லை. மூளை கட்டளையிட்டும் கால் எழாததன் காரணம் இதுதான். குடல் தசை சோர்ந்தால் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் வரும். மூச்சுத் தசைகள் சோர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதயத்திலோ, ஒவ்வொரு துடிப்புக்கும் பின் மின்நிலை பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகிறது. துடிப்பு தாளம் தவறக்கூடும். ஆகவேதான் மருத்துவர் முதலில் இதய மின்வரைபடம் எடுத்தார்.

ஏன் குறைகிறது?

நல்ல சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சிக்கனமாகச் செலவிடும். ஆகவே உணவுக் குறை மட்டுமே காரணமாவது அரிது. பெரும்பாலும் இழப்பே காரணம்: நீர் பிரியும் மாத்திரை, வயிற்றுப்போக்கு, வாந்தி. தைராய்டு மிகையாகச் சுரக்கும் சிலருக்குக் குருதிப் பொட்டாசியம் திடீரென உயிரணுக்களுக்குள் புகுந்து கைகால்கள் செயலிழப்பதுண்டு. தொண்டைக்கு இதம் என்று அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக நெடுநாள் உண்டாலும் சிறுநீரில் பொட்டாசியம் வெளியேறும்.

1971-இல் வங்காள எல்லையில் உள்ள பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பு, குளுகோஸ், சமையல் சோடா மூன்றையும் நீரில் கரைத்துக் குடிக்கச் செய்து பலரைக் காத்தார். இன்று சுகாதார நிலையத்தில் தரும் உப்புக்கரைசல் பொட்டலத்தில் பொட்டாசியம் குளோரைடும் உண்டு. ஒரு லிட்டருக்கு 1.5 கிராம். அதாவது 20 மில்லிமோல் பொட்டாசியம். பேதியில் இழப்பது நீரை மட்டுமன்று என்பதற்கு அந்தப் பொட்டலமே சான்று. பெரியப்பா அதைக் குடிக்கவில்லை.

உணவு எவ்வளவு உதவும்?

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3510 மில்லிகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. இளநீர், கீரை, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பருப்பு வகைகள் எல்லாம் நல்ல மூலங்கள். தீட்டிய அரிசிச் சோற்றில் மிகக் குறைவு. காய்கறியை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பொட்டாசியமும் அதனுடன் போய்விடும். பருப்பு வெந்த நீரை ரசத்தில் சேர்க்கும் நம் வீட்டு வழக்கம் அறிவியலுக்கு உகந்ததே.

அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பத்துப் பழம் போதுமா? குருதியில் 2.4 என்றால் உடல் முழுவதிலும் 300 மில்லிமோல் அளவுக்குக் குறை இருக்கக்கூடும். அது ஏறத்தாழ 12 கிராம். முப்பதுக்கும் மேற்பட்ட பழங்கள்! மேலும், நீர் மாத்திரையால் குளோரைடும் இழக்கப்படுகிறது. பழத்தில் அது போதிய அளவில் இல்லை. ஆகவே பெரியப்பாவுக்குப் பொட்டாசியம் குளோரைடைச் சிரை வழியாக, மணிக்கு 10 மில்லிமோல் என்ற மெதுவான வேகத்தில் செலுத்தினார்கள். ஏன் இந்த நிதானம்? வெளியே இருப்பதே 2 கிராம் அல்லவா? அதை விரைந்து கூட்டினால் இதயம் நின்றுவிடும். பின்னர் சில நாள் மருந்துநீரைத் தண்ணீரில் கலந்து, உணவுக்குப் பின் கொடுத்தார்கள். மக்னீசியத்தையும் சோதித்தார்கள், அது குறைந்திருந்தால் பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் தங்காது.

எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. சிறுநீரகம் பழுதுற்றவருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கும். அவருக்கு இளநீரும் கீரையும் தீங்காகலாம். காய்கறியை நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிடும்படி அவரிடம் சொல்வார்கள். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுவதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால் அதுவும் அவருக்கு ஆகாது. சோர்வு கண்டு நாமே மாத்திரை வாங்கித் தருவது ஆபத்து. கால் திடீரென எழாமை, மூச்சுத் திணறல், நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் இவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உணவு காக்கும், அளவைச் சொல்ல வேண்டியது குருதிச் சோதனை.

நான்காம் நாள் பெரியப்பா தாமே நடந்து பேருந்தில் ஏறினார். இன்று அவர் வீட்டில் பழைய மருந்துச் சீட்டு எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் எப்படி? தாத்தா, பாட்டியின் மருந்துப் பெட்டியை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த மாத்திரை எத்தனை நாளைக்கு என்று மருத்துவர் சொன்னார் எனக் கேளுங்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்: சிறுநீரகம் பழுதுற்ற ஒருவருக்கு வெளிச்செறிவு 7 ஆக உயர்ந்தால் மின்னழுத்தம் எவ்வளவு? 79 மில்லிவோல்ட் என்று வந்தால் உங்கள் கணக்கு சரி. இப்போது கிணற்று நீர் மேலே ஏறிவிட்டது. அதுவும் இதயத்துக்கு ஆகாது.